ஜூன் முப்பத்தொன்றில் திறந்த பாலம்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் நூலகர் புஸ்பித்தா அம்மையார் அவர்களே, வாசிப்பில் மூத்த பெரியோர்களே, தெம்பே பொரித்த சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, முன்வரிசையில் முகம் சிவக்க வீற்றிருக்கும், ஊரே மரியாதையாக 'பாக்' என்றழைக்கும் வரலாற்று அறிஞர் ஹார்ஜோ அவர்களே, வணக்கம்!

நான் லாஸ்த்ரி. எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளி வாசலில் ஜெராக்ஸ் போடுகிறவள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு தேதி. நம் ஊர் இரும்புப் பாலத்தைப் பற்றி மாவட்டப் போட்டிக்கு ஆய்வு எழுத, பதினாறு வயதுப் பள்ளி மாணவி எண்டாங் ஐந்து நூல்களோடு கடைக்கு வந்தாள். ஐந்திலும் ஒரே செய்தி: பாலம் திறந்தது ஜூன் முப்பத்தொன்று!

"ஏய் எண்டாங், ஜூன்ல முப்பத்தொண்ணு ஏதுடி?"

விரல் முட்டிகளை எண்ணினாள். "ஐயோ! இல்லவே இல்லடி!"

அங்கே யார் எண்ணுவது? எண்ணுங்கள், எண்ணுங்கள்! அறிஞர்கள் எண்ணாததை நீங்களாவது எண்ணுங்கள்!

அடிக்குறிப்புகளைத் தேடினோம். ஐந்தாம் நூலுக்குச் சான்று நான்காவது, நான்காவதற்கு மூன்றாவது, மூன்றாவதற்கு இரண்டாவது, இரண்டாவதற்கு முதலாவது. முதலாவதற்கு? ஒரு சந்தைத் திருவிழா மலர்! அதையும் தேடி எடுத்தோம். அதை எழுதியவர் யார்? பெயரில்லை. எதைப் பார்த்து எழுதினார்? ஒரு வரியில்லை. கடைசிப் பக்க நூற்பட்டியலை மட்டும் நகலெடுத்துப் போகும் மாணவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள்தான் வளர்ந்து அறிஞர்களாகிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது!

'திறந்த நாள் தெரியவில்லை. ஐந்து நூல்களுக்கும் மூலம் ஒரே மலர்' என்று எண்டாங் எழுதினாள். போட்டிக்குப் போக நடுவர் கையெழுத்து வேண்டும். நடுவர் யார்? ஐந்தாம் நூலின் ஆசிரியர், இதோ நம் பாக் ஹார்ஜோ! நேற்று அவரே கடைக்கு வந்தார்.

"அஞ்சு புத்தகம் சொல்லுது. நீ என்ன பெரிய ஆளா?"

"ஒரே தாளை அஞ்சு தடவை போட்டா அஞ்சு தாள் வரும், பாக். அஞ்சு சாட்சி வராது."

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ எனக்குப் பாடம் எடுக்கறியா? எண்டாங், முப்பத்தொண்ணுன்னு மாத்து. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எண்டாங்கின் கண் கலங்கியது. கை மட்டும் கலங்கவில்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "தெரியலேன்னா தெரியலேன்னுதான் எழுதுவேன், பாக்."

போட்டி வாய்ப்பு போயிற்று. பெரியோர்களே, தாய்மார்களே! பட்டம் பெற்ற ஐவருக்கு வராத துணிச்சல் பதினாறு வயதுக்கு வந்ததே, அது தோல்வியா? 'தெரியவில்லை' என்ற ஒரு சொல்லை எழுத இந்த ஊருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின!

அவர் போனதும் எண்டாங்கின் பக்கத்தை நூறு பிரதி போட்டேன். என் பேச்சையும் நம்ப வேண்டாம் என்று அந்த மலரின் பக்கத்தைப் பின்புறம் அச்சிட்டு, வாசலில் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன்.

பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.