மூச்சுப் பார்க்காத தொட்டி

ஓடுகிறோம். மலைச்சரிவு. சரளைக்கல். தலையில் ஆவாரம்பட்டைக் கட்டு. பின்னால் விசில், நீளமாக இரண்டு. பிறகு வெடி. ஒன்று. கொஞ்சம் நின்று இன்னும் இரண்டு.

"கட்ட போட்டுட்டு ஓடு! போடுடீ!"

கத்துவது என் புருஷன் முனுசாமி. நான் போடவில்லை. எங்கள் மூன்று நாள் கஞ்சி அந்தக் கட்டில்தான் இருந்தது. அடுத்த வெடி தலைக்கு மேலே போனது. பாறையில் பட்டுச் சில்லு தெறித்தது. அப்போதுதான் போட்டேன்.

சீமைச் சண்டையின் மூன்றாவது வருஷம். ஐப்பசி. செவ்வாய்க்கிழமை. ஆம்பூர் ஸ்டேஷனில் பகல் ரயில் கூவியது காதில் விழுந்தது. அதனால் நேரம் தெரியும். உச்சிப்பொழுது. சண்டை கடலுக்கு அப்பால் நடந்தது என்று எழுதுகிறார்களாம். எழுதட்டும். எங்கள் மலையிலும் நடந்தது. நான் பார்த்தேன். என் பெயர் பொன்னம்மாள். நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிறார். நடுவில் அழகு பண்ணாதீர்கள் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆவாரம்பட்டை இல்லாமல் எங்கள் பக்கத்தில் தோல் பதமாகாது. மலை முழுக்க ஆவாரை. சண்டைக்கு முன்னால் அதை யாரும் சட்டை பண்ணியதில்லை. மழை விட்டதும் போவோம். குச்சியை வெட்டுவோம், தட்டுவோம், பட்டையை உரிப்போம். தோல்கிடங்கில் கொண்டுபோய்ப் போடுவோம். பாரஸ்ட் கார்டுக்கு ஒரு மடி வேர்க்கடலை கொடுத்தால் போதும், வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

சண்டை வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ். பூட்ஸுக்குத் தோல். தோலுக்குப் பட்டை. மலைக்கு விலை வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. குத்தகைக்காரர் ஒருவர் மலையை எடுத்தார். யார் யார் கையை நனைத்து எடுத்தார் என்பது ஊருக்கே தெரியும். எழுத்தில் எங்கும் இருக்காது. அடிவாரத்தில் வழியை மறித்து ஒரு மூங்கில் கேட் வந்தது. நேற்றுவரை எங்கள் பட்டை. இன்றைக்குத் திருட்டுப் பட்டை. காவலுக்கு மேல்தெரு ஆட்களையே பிடித்துப் போட்டார். எங்கள் கீழ்த்தெருக்காரனை அடிக்க மேல்தெருக்காரன். இரண்டு தெருவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த தெருக்கள். என் தங்கை பச்சையம்மாளின் புருஷன் கோவிந்தனும் தடியோடு கேட்டில் நின்றான். அவனுக்கும் வயிறு இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் பார்க்கவே காறித் துப்பினேன்.

கிடங்குகள் பெருத்தன. முதலாளிகள் வீட்டுக்கு மாடி ஏறியது. கழிவுத் தண்ணீர் எங்கள் கிணற்றில் இறங்கியது. தண்ணீர் சிவந்தது. கைத்தது. வேலை ஜாஸ்தி, அரிசி கம்மி. கடல் தாண்டிப் பஸ்ராவுக்குப் பட்டாளத்துத் தோல் வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் அங்கத்துச் சங்கதி சொன்னார். பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுக்கிறார்களாம். குழாய் வழியாகவே கப்பல்துறைக்குப் போகிறதாம். குழாய்க்குப் பக்கத்துக் குடிசையில் விளக்கேற்ற எண்ணெய் இல்லையாம். நான் சிரித்துவிட்டேன். ஊர் உலகத்துக்குப் பூட்ஸ் போட்டுவிட்ட எங்கள் தெருவில் ஒரு காலிலும் செருப்பு இல்லை.

அந்த ஐப்பசியில் குத்தகைக்காரர் பட்டையைப் பூட்டி வைத்தார். விலை இன்னும் ஏறட்டும் என்று. கிடங்கில் பட்டை தீர்ந்தது. சனிக்கிழமையோடு வேலை நின்றது. தோல் ஊறப்போடுகிற தொட்டிகளைப் பலகை போட்டு மூடினோம். பட்டையைக் கொல்லைப்பக்கமாகக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதாக மேஸ்திரி காதில் போட்டார். அதனால்தான் மலை ஏறினோம். பதினான்கு பேர். முன்னால் முனுசாமி.

இங்கே தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் சட்டென்று இறங்கக் கூடாது. தோலிலிருந்து வழித்த மயிரும் சவ்வும் உள்ளே அழுகி, கெட்ட காற்று தேங்கி நிற்கும். ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முதலில் மூச்சுப் பார்ப்போம். காய்ந்த ஆவாரங்குச்சியைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவது. எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் அரைநாள் திறந்து போட வேண்டும். எங்கள் கிடங்கில் மூச்சுப் பார்ப்பது என் வேலை. பதினொரு வருஷமாக. தீப்பெட்டி எப்போதும் என் மடியில் இருக்கும். நான் சொல்லாமல் மேஸ்திரிகூட யாரையும் இறக்கமாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மலையிலிருந்து ஓடிவந்து நானும் முனுசாமியும் கிடங்குக்குள் நுழைகிறோம். மற்றவர்கள் பாலாற்றுப் பக்கம் சிதறிவிட்டார்கள். முனுசாமிக்கு மூச்சு வாங்குகிறது. அவரைத்தான் தேடுவார்கள். கிடைத்தால் அடித்தே கொன்றுவிடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் விசில். கடைசித் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் வடித்துவிட்ட தொட்டி. அடியில் ஒரு முழம் கசடு. அந்த நாற்றத்துக்கு வெளியாள் எவனும் கிட்ட வரமாட்டான் என்று நினைத்தேன். என் மூக்குக்கு அது பழகிப்போன நாற்றம். பலகையை நகர்த்தினேன்.

"எறங்குய்யா."

அவர் பட்டை வெட்டுகிறவர். தொட்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான் சொன்னேன், இறங்கினார். பலகையை மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்து, பட்டை இடிக்கிற உலக்கையை எடுத்தேன். உரலில் ஒன்றும் இல்லை. வேலை நடக்கிற மாதிரி இருக்கட்டும் என்று வெறும் உரலை இடித்தேன். டொக். டொக். டொக். உள்ளேயிருந்து அவர் பலகையைத் தட்டினாரா? தெரியாது. நான் இடித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி. ஒருவன் கோவிந்தன். சாக்குகளைப் புரட்டினார்கள். என்னைக் கெட்ட வார்த்தையில் கேட்டார்கள். நான் பதிலுக்குக் கெட்ட வார்த்தையிலேயே சொன்னேன். கோவிந்தன் மட்டும் கடைசித் தொட்டி வரைக்கும் வந்தான். முனுசாமியின் தலைப்பாகை நுனி பலகை இடுக்கில் வெளியே கிடந்தது. பார்த்துவிட்டான். என்னைப் பார்த்தான். அதன்மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டான்.

"இங்க ஒருத்தனும் இல்ல. ஆத்துப் பக்கம் போய்ட்டானுங்க."

எல்லோரும் போனார்கள். அவனும் போனான். நான் இடிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தனியாகத் திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நான் துப்பியதையெல்லாம் துடைத்துப் போட்ட சிரிப்பு. அவனே பலகையைத் தள்ளினான்.

"அண்ணே, ஏறி வா. போய்ட்டானுங்க."

குனிந்து பார்த்தான். சிரிப்பு போனது. காலை உள்ளே விட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எறங்காத! கோவிந்தா, எறங்காத!"

இறங்கிவிட்டான். ஒரு தரம் இருமினான். பொத்தென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

மலையில் வெடித்த வெடி ஒன்றுகூட யார் மேலும் படவில்லை. ஓடிய பதினான்கு பேருக்கும் முள் கீறியதோடு சரி. துப்பாக்கி கொல்லாததை நான் கொன்றேன்.

சனம் கூடியது. மேல்தெரு, கீழ்த்தெரு, இரண்டும். சுருக்குக் கயிறு போட்டு இழுத்தார்கள். முதலில் கோவிந்தன். பிறகு முனுசாமி. இருவரையும் ஒரே சாக்கு விரிப்பின்மேல் கிடத்தினார்கள். பச்சையம்மாள் ஓடிவந்தாள். இடுப்பில் பால் குடிக்கிற பிள்ளை. அழவில்லை. தொட்டியைப் பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள். அவளும் அதே கிடங்கில் வேலை பார்த்தவள்தான்.

"மூச்சுப் பாத்தியா அக்கா?"

"பாத்தேன்," என்றேன். "எரிஞ்சுது."

அவள் என் தோளில் சாய்ந்தாள். "அப்போ நீ இன்னா பண்ணுவக்கா," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அவள் புருஷனைக் கொன்ற என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக ஒரே பானையில் சாப்பிடுகிறோம். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி ஊட்டுகிறாள். நானும் வாங்கித் தின்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாத்தியாரே, நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சண்டை முடிந்தது. பட்டை விலை விழுந்தது. குத்தகைக்காரர் வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். யாரையும் யாரும் விசாரிக்கவில்லை.

போனதைச் சொல்கிறேன். ஆள் இரண்டு: முனுசாமி, கோவிந்தன். குடிதண்ணீர்க் கிணறு ஒன்று. தூரோடு வெட்டின மலை ஒன்று, இன்னும் தழையவில்லை. அப்பன் முகம் தெரியாத பிள்ளை ஒன்று. பட்டைக் கட்டு பதினான்கு.

போகாதது ஒன்று உண்டு. சண்டைக்காலத்தில் தீப்பெட்டிக்கும் பஞ்சம். குச்சியை எண்ணித்தான் வைத்திருப்பேன். அன்றைக்குக் காலையில் ஒன்பது. இரண்டு பேரையும் புதைத்துவிட்டு வந்து மடியை அவிழ்த்தேன். எண்ணினேன். ஒன்பது.