இந்தச் சனிக்கிழமை புல் வெட்ட வேண்டாம்

மழை கொட்டினாலும் கூட்டத்தைத் தள்ளி வைக்காத தலைவர், இந்தக் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் நம் அம்மன் கோயிலுக்கும் ஒருங்கே தலைமை தாங்கும் ஐயாசாமி ஐயா அவர்களே! கண்டிப்புக்கும் கனிவுக்கும் பெயர் பெற்ற செயலாளர் மனோகரன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! தொழிற்சாலைச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மாரே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான, கொஞ்சம் நடுக்கம் கலந்த வணக்கம்.

என் பெயர் வாசுகி. நான்காம் படிவ மாணவி. கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் புஷ்பவள்ளியின் மகள். நான் மேடையேறப் போவது அம்மாவுக்குத் தெரியாது. அதனால்தான் குனிந்திருக்கிறார். அம்மா, நிமிருங்கள்! நான் கெட்டது எதுவும் பேசப் போவதில்லை.

என்ன அண்ணே? சத்தமாகவா? சரி, ஒலிவாங்கியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

பெரியோர்களே! இன்று நாம் கூடியிருப்பது எதற்காக? நம் தாமான் குடியிருப்புக்கும் செனாய் பெரிய சாலைக்கும் நடுவே கிடக்கும் காட்டில் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. ஓடையைத் தாண்டப் பலகைப் பாலம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கு அந்த வழி. தொழிற்சாலைப் பேருந்துக்கு அந்த வழி. ஆடித் திருவிழாவில் பால்குடம் வருவதும் அந்த வழி. பாலத்தில் பலகைகள் உடைந்துவிட்டன. பராமரிக்கச் செலவாகும், ஒதுக்கீடு இல்லை, குடியிருப்பாளர்கள் சம்மதித்தால் வேலி போட்டு மூடிவிடலாம் என்கிறது நகராண்மைக் கழகம். திங்கட்கிழமை காலை அதிகாரி ஒருமுறை வந்து பார்ப்பார். அதன்பின் முடிவு. மூடலாமா, கூடாதா? இதுதான் கேள்வி.

செலவாகும் என்பது பொய்யா? பொய்யில்லை. ஜொகூர் மழையில் இரும்பே இற்றுப்போகிறது, மரப்பலகை எம்மாத்திரம்? இன்று வெட்டிய லாலாங் புல் அடுத்த மாதம் இடுப்பளவு நிற்கும். மழைநீர் மண்ணைக் கரைக்கும். மரம் சாயும். இவற்றைச் சரிசெய்ய ஆள் வேண்டும், பணம் வேண்டும். அந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. நாம் கட்டும் வீட்டு வரியிலிருந்து வருகிறது. ஆகவே ‘இதற்குச் செலவு செய்யலாமா?’ என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல நமக்கும் உரிமை உண்டு!

அதோ ரூபேந்திரன் அண்ணன் கையைத் தூக்குகிறார். சொல்லுங்கள் அண்ணே.

“காட்டுக்குள்ள எதுக்குமா செலவு? கார்ல போலாம்லா!”

போகலாம் அண்ணே, தாராளமாகப் போகலாம். நாளை விடியற்காலை உங்கள் வீட்டு வாசலில் தொழிற்சாலைப் பெண்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். உங்கள் காரில் இடம் இருக்கிறதா என்று மட்டும் அண்ணியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சாலையில் குழி விழுந்தால் என்ன செய்கிறோம்? சாலையை மூடுகிறோமா? குழியை மூடுகிறோம். காட்டுப் பாதையில் பலகை உடைந்தால் மட்டும் பலகையை மாற்றாமல் பாதையை மூடுவானேன்? காரில் போகிறவர் குடிமக்கள், காலால் போகிறவர் குடிமக்கள் இல்லையா? பாதையை மூடினால் செலவு குறையும் என்கிறார்கள். யாருடைய செலவு? பள்ளி வேனுக்கு யார் கொடுப்பது? வேலைக்குப் போக வாடகைக் காருக்கு யார் கொடுப்பது? ஊர் சேர்ந்து சுமந்த செலவை இனி ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சுமக்கும். செலவு மறையவில்லை ஐயா, தோள் மாறியிருக்கிறது. அதுவும் இளைத்த தோளுக்கு மாறியிருக்கிறது!

சரி, ஒதுக்கீடு ஏன் இல்லாமல் போனது? இதைச் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் குற்றவாளி நகராண்மைக் கழகத்தில் இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கிறார். குற்றவாளி நாம்தான்.

கோபப்படாமல் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் கோயிலில் காப்புக் கட்டுகிறோம். காப்புக் கட்டியதும் வருகிற சனிக்கிழமை, பால்குடம் வரும் பாதை என்று காடு முழுக்க ஊர் கூடிக் கோத்தோங் ரோயோங் செய்கிறோம். பாராங் கத்தி மின்னும், புல் சாயும், உடைந்த பலகை மேல் புதுத் தகரம் ஏறும். தகரத்தின் மேல் சிவப்புத் துணி விரியும், இரு பக்கமும் மாவிலைத் தோரணம் ஆடும். அடுத்த ஆண்டுக்கு எந்த வழிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பார்க்க அதிகாரி வருவதும் இதே ஆடி மாதம்தான்!

சென்ற ஆண்டு வந்தவர் அதிகாரி சைஃபுல்லா. பாவம், அவர் மேல் என்ன தப்பு? தோரணத்தைப் பார்த்தார், சிவப்புத் துணியைப் பார்த்தார். வாயைப் பிளந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“அட, கல்யாண வீடு மாதிரி இருக்குலா! இதுக்கு எதுக்கு காசு கேக்குறீங்க? ஏதாச்சும் குறை இருக்கா ஐயா?”

நம் தலைவர் என்ன சொன்னார்?

“ஒரு குறையும் இல்ல தம்பி! அம்மா புண்ணியத்துல எல்லாம் நல்லா இருக்கு. மொதல்ல பொங்கல் சாப்பிடுங்க!”

தலைவர் ஐயா, நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால் மன்னித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. ஐயா பொய் சொல்லவில்லை. காப்புக் கட்டிய பிறகு ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது, குறை பேசக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் காத்தார். ஆனால் அதிகாரிக்கு அது தெரியுமா? குறை இல்லை என்றார்கள், ஆகவே ஒதுக்கீடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதை, இதே பொங்கல்! தகரத்துக்கு அடியில் பலகை மக்கியது. துணிக்கு அடியில் ஆணி துருப்பிடித்தது. நாம் வருந்தி உழைத்து, வியர்வை சிந்தி, நம் பாதைக்கு நாமே வேலி கட்டிக்கொண்டிருக்கிறோம்!

இதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. அம்மா, என்னை மன்னியுங்கள்.

முந்தாநாள் என் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தானே உங்களிடம் சொன்னார்? தொழிற்சாலையிலும் அப்படித்தான் சொன்னார். உண்மை அதுவல்ல. விடியற்காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது, பாலத்துப் பலகை முறிந்து ஓடையில் விழுந்தார். சாலையோரம் நாசி லெமாக் சோற்றுக் கடை போடும் மீரா பீவி ஆண்டிதான் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கினார்.

“அலமாக்! என்னா புஷ்பா, விழுந்துட்டியா?”

“மெதுவா பேசுங்கக்கா. காப்புக் கட்டியாச்சு. பால்குடம் வர்ற வழியில விழுந்தேன்னு தெரிஞ்சா அபசகுனம்பாங்க.”

“கை பூரி மாதிரி வீங்கிக் கெடக்கு, சகுனம் பாக்குறியா நீ? இரு, ஐஸ் கொண்டாறேன்!”

ஆண்டி, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் ஒரு சொல் பிசகா? இல்லை என்று தலையாட்டுகிறார். நன்றி ஆண்டி.

பெரியோர்களே! அந்தப் பாதையில் யாரும் விழுந்ததாகப் புகாரே இல்லை என்கிறது நகராண்மைக் கழகம். எப்படி இருக்கும்? விழுந்த நாம் வாயை மூடிக்கொண்டோமே! தொழிற்சாலைப் பேருந்து நம் தாமானுக்குள் வராது. பாதைக்கு வேலி வந்தால் என் அம்மா லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரமாகத்தான் சுற்றி நடக்க வேண்டும். அந்த இருட்டில் நடந்தால் உயிருக்கு ஆபத்து, நடக்காவிட்டால் வேலைக்கு ஆபத்து. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்? சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வீர்கள்?

ஆகவே, இந்த மேடையில் நின்று ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இந்தச் சனிக்கிழமை புல் வெட்டாதீர்கள்! தகரம் அடிக்காதீர்கள்! தோரணம் கட்டாதீர்கள்! திங்கட்கிழமை வருகிற அதிகாரி நம் பாதையை அதன் சொந்த முகத்தோடு பார்க்கட்டும்.

என்ன தலைவர் ஐயா? கேட்கிறது, சொல்லுங்கள்.

“வருசா வருசம் சனிக்கிழமைதானேமா வெட்டுறோம்? அம்மன் சேத்துலயா நடந்து வரணும்?”

வேண்டாம் தலைவர் ஐயா. அம்மன் சேற்றில் நடக்க வேண்டாம். பால்குடம் அடுத்த ஞாயிறுதானே? திங்கட்கிழமை அதிகாரி பார்த்துவிட்டுப் போகட்டும். செவ்வாய்க்கிழமை மாலை நாம் எல்லோரும் கத்தி எடுப்போம். ஆடிச் செவ்வாய் அம்மனுக்கு எவ்வளவு உகந்த நாள் என்று சமய வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? நீங்கள்தானே ஐயா! சனிக்கிழமையை விட்டால் அம்மன் கோபிப்பாளா? தன் குடத்தைச் சுமக்கும் பெண் ஓடையில் விழுந்து கை முறிந்து கிடக்கும்போது, ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று நாம் சொன்னால்தான் கோபிப்பாள்!

அதோ, ஐயா தலையசைக்கிறார். செவ்வாய்க்கிழமை! குறித்துக்கொள்ளுங்கள் செயலாளர் ஐயா!

வேலை இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை அதிகாரி வந்து, ‘ஏதாவது குறை இருக்கிறதா?’ என்று கேட்பார். நம் நாக்கு பழக்கத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஆகவே இங்கேயே, இப்போதே பழகிக்கொள்வோம். இது பிச்சையல்ல. நம் வரியில் நாம் கேட்கும் வழி. கேட்பது அபசகுனமல்ல, கேளாமல் விழுவதுதான் அபசகுனம். தாய்மார்களே, அண்ணன்மார்களே, நான் அதிகாரியாகக் கேட்கிறேன்: “ஏதாச்சும் குறை இருக்கா?”

சொல்லுங்கள்: “இருக்கு! பலகை உடைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க!”

போதாது! அண்ணன்மார்கள் வாசலை விட்டு உள்ளே வாருங்கள். இன்னொரு முறை!

“பலகை உடைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க!”

இந்தக் குரலோடு திங்கட்கிழமை விடியும்போது பாலத்தில் நிற்போம். ஒரு மாணவி பேசலாமா என்று தடுக்காமல் ஒலிவாங்கியைத் தந்த தலைவருக்கும், அழைத்ததும் வந்த அன்பர்களுக்கும், வீட்டுக்குப் போனதும் என்னைத் திட்டுவதற்காகக் காத்திருக்கும் என் தாய்க்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.