ஒளித்து வைத்த வெள்ளை

— திரும்பவும் சேஃப்போ, அத்தான்? ஒரு பில்லியட் ஆட்டத்திலை மூண்டாம் தரம். வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய்க் கறுப்புக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சால் நான் என்ரை காயை எப்பிடி அடிக்கிறது?

— கரையிலை பட்டுத் திரும்பி வரட்டும். வழி இருக்கு.

— முந்தி நீங்கள் உப்பிடி விளையாடினதில்லை. கண்ட காயெல்லாம் அடிப்பியள். கோகுலனுக்குப் பொறுமையே கிடையாது எண்டு அக்கா சொல்லுறவ.

— நிமலினியை உதுக்குள்ளை இழுக்காதை, ஜெனுஷன். அடி.

— இழுக்காமல்? ஆவணியிலை அவவுக்குக் கலியாணம், மாப்பிளை நீங்கள். வியாழக்கிழமை எனக்கு லண்டனுக்குப் பிளேன். சொல்லாமல் விடேலாது எண்டு நீங்களே நிக்கிறியள், நாளைக்கு ஒராள் பொலிசுக்குப் போய், நான்தான் ஓட்டினனான் எண்டு சொல்லவேணும். இந்த ஆட்டத்திலை தோத்தவர் சொல்லுறது எண்டுதானே கதை.

— உது உன்ரை கதை. ஓட்டினது நீ. நான் பின்னாலை இருந்தவன்.

— மோட்டச்சைக்கிள் உங்கடை பேரிலை. லைசன்ஸ் உங்களிட்டை. உங்களுக்கெண்டால் தண்டத்தோடை முடியும். என்னட்டை லைசன்ஸ் இல்லை, விசாவும் போகும். எல்லாம் கதைச்சு, நீங்களும் ஓமெண்டுதானே மேலை வந்தனாங்கள்.

— ஓமெண்டனான்.

— பிறகென்ன. அடிக்கிறன். பொறுங்கோ... சீ. கறுப்பிலை பட்டிட்டுது.

— பிழை. வெள்ளை என்ரை கைக்கு.

— தெரியும். விரும்பின இடத்திலை வையுங்கோ. கறுப்பும் நடுக்குழியிலையிருந்து ஒரு சாண் தள்ளித்தான் நிக்குது. உங்களுக்கு அது ஒண்டுதான் மிச்சம், கண்ணை மூடிக்கொண்டு போடுவியள். அதோடை நான் துலைஞ்சன்.

— நீ இடிச்ச செபநாயகத்தார் நேற்றுக் கண் முழிச்சவர்.

— ஏதும் சொன்னவரோ?

— உடுப்பிட்டிச் சந்தியடியிலை சைக்கிள்ளை வந்தது மட்டும் ஞாபகமாம். இடது காலை முழங்காலுக்குக் கீழை எடுத்தாச்சு. அது அவருக்கு இன்னும் தெரியாது. பெண்சாதி லூர்த்தம்மா போர்வையாலை மூடி வைச்சிருக்கிறா. கடலுக்குப் போற மனிசன், டேய்.

— நாங்கள் விட்டிட்டு ஓடேல்லைத்தானே. ஆசுப்பத்திரிக்கு ஏத்தினதும் நாங்கள்தான்.

— ஓம். றோட்டிலை கிடந்தவரைத் தூக்கினனாங்கள் எண்டு பொய் சொல்லி ஏத்தினது. அந்தப் பொய்யைச் சொன்னது நான். மாதாதான் உங்களை அனுப்பினவ, தம்பி எண்டு அந்த மனிசி என்ரை கையைப் பிடிச்சு அழுறா. நீ ஒருநாள் அங்காலை எட்டிப் பாத்தனியோ?

— உதெல்லாம் இப்ப ஏன்? அடியுங்கோ, முடியட்டும்.

— சேஃப்.

— என்ன விசர் வேலை இது? வெல்லுற காயை விட்டிட்டு வெள்ளையைத் திரும்ப ஒளிக்கிறியளோ?

— ஒளிச்சாச்சு.

— அத்தான்... விளங்குது. எனக்காக விட்டுக் குடுக்கிறியள். வெண்டிருக்கலாம், வெல்லேல்லை. நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லுறியள், என்ன? அக்காவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். சாகுமட்டும் மறக்கமாட்டன்.

— நான் போகமாட்டன்.

— போகவும் மாட்டியள், வெல்லவும் மாட்டியள். பின்னை என்னத்துக்கு ஒரு மணித்தியாலமாய் இழுக்கிறியள்? அடிக்கொருக்கால் ஏன் படியைப் பாக்கிறியள்?

— வல்வெட்டித்துறை பஸ் மூண்டரைக்குத்தான் வரும்.

— பஸ்ஸிலை ஆர்?

— லூர்த்தம்மா. நான்தான் வரச்சொன்னனான். மனிசனை இடிச்சவன் இந்தப் பில்லியட் மேசையடியிலை நிப்பான் எண்டனான்.

— என்ரை பேரைச் சொல்லிப்போட்டியளோ?

— ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை. கோலைக் கீழை வை, ஜெனுஷன். மனிசி படியேறி வாறா.