சாமி அறைக்கு மேல் நின்ற தண்ணீர்

மொட்டை மாடி வெயிலில் வெடிக்கும், மழையில் குடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன், யார் கேட்கிறார்கள்? உங்கள் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள், சார். அதோ அந்த மூலையில் காரை உப்பிக்கொண்டு நிற்கிறது. மேலே அரச இலை விழுந்து, மழைத்தண்ணீர் வெளியே போகிற தூம்பு அடைத்திருக்கும். ஒரு ஆளை ஏற்றி எடுக்கச் சொல்லுங்கள், அடுத்த மழைக்குள்.

என் பெயர் ஆதிகேசவன். புதுவாயலைச் சுற்றி மாடி ஒழுகுகிறது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நெல் வைத்த குடும்பம்தான். நிலம் பாதி கம்பெனிக்குப் போன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஸ்டீபன் வீட்டு மாடி இடிந்து இரண்டு பேர் செத்ததற்கு மேஸ்திரி அருணாச்சலத்தின் மட்டமான வேலைதான் காரணம் என்று எழுதி, அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். காபி வேண்டாம், சார், இப்போதுதான் குடித்தேன்.

அந்த வீடு எங்கள் அப்பா இருந்த வீடு. பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் தூளும் இடித்துப் போட்ட சுருக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு. அந்த மாதிரி மாடியைச் சீண்டாமல் வைத்திருந்தால் இன்னும் ரெண்டு தலைமுறை பார்க்கும். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். பாகம் பிரிக்கும்போது அது அண்ணன் வெங்கடேசனுக்குப் போயிற்று. அவர் பெங்களூரில் மகனோடு இருக்கிறார், வீடு கவனிப்பார் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டீபனுக்கு விற்றுவிட்டார்.

ஸ்டீபன் நல்ல பையன். சிப்காட்டில் சூப்பர்வைசர். அவன் அப்பா அந்தோணி எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் கட்டியவர். அம்மா ஆரோக்கியமேரி எங்கள் வயலில் நாற்று நட்டவள். சம்பளம் வாங்கக் கொல்லைப்புறம் வந்து நிற்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்கு மேல் உள்ளே வரும் வழக்கம் இல்லை. யாரும் தடுத்ததில்லை, சார். அவர்களே வரமாட்டார்கள். நான் சாதி கீதி பார்க்கிறவன் இல்லை. ஸ்டீபன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கூல்டிரிங்ஸ்கூடக் குடித்தேன், பாட்டில் மூடியை என் எதிரிலேயே திறந்தார்கள்.

வாங்கிய முதல் மழையிலேயே ஒழுக்கு. ஸ்டீபன் நேராக என் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினான்.

“சார், இந்த ஊட்டு மாடி உங்க கையி பட்டது. வேற ஆளு கையில குடுக்க மனசு வர்ல. ஒழுகாத மாதிரி, கொஞ்சம் கூலா இருக்கற மாதிரி இன்னா போட்லாம்னு நீங்களே சொல்லுங்க.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. மறுநாளே போய்ப் பார்த்தேன். பழைய தட்டோட்டையும் சுருக்கியையும் பெயர்த்து எடுத்துவிட வேண்டும், எடை குறையும். புதுச் சுருக்கி போட்டு, தண்ணீர் தூம்பைப் பார்க்க ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்து, தட்டோடு பதித்து, மேலே வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்தால் போதும். சாமி அறைக்கு மேலே போகிற உத்திரத்தில் மட்டும் சுவரை ஒட்டிய முனையைக் கரையான் தின்றிருந்தது. அதை மாற்றி இரும்பு கர்டர் வைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. அன்று அதைச் செய்கிற எண்ணத்தோடுதான் இறங்கினேன்.

இறங்கி வரும்போது மேரி கூப்பிட்டாள். சாமி அறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். முட்டி வலி. எங்கள் அம்மா குளிக்காமல் நுழைய மாட்டார்கள், அந்த அறையில்.

“வா தம்பி. இன்னா, இந்த வெயில்ல மாடி மேலயே நின்னுகினு கீற? உள்ள வந்து குந்து. ஒரு வாய் டீ குட்ச்சிட்டுப் போ.”

தம்பி என்றாள். அதில் தப்பில்லை. என்னைவிட மூத்தவள்தான். நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலேயே என்னைச் சின்னய்யா என்று கூப்பிட்டவள், அது வேறு விஷயம். கட்டிலில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று சொன்னேனே. பேத்தி பிரின்சி டீ கொண்டு வந்தாள். சூடாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வயிறு மட்டும் கொஞ்சம் எரிந்தது. வீட்டுக்குப் போய் மோர் குடித்தேன், சரியாகிவிட்டது. ஆனால் வேலையை மாற்றிவிட்டேன்.

பழசைப் பெயர்க்க வேண்டாம், அதன் மேலேயே போடலாம் என்று அருணாச்சலத்திடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “பாரம் தாங்குமா மாமா?” என்றான். உத்திரத்தை நான் பார்த்துவிட்டேன், நீ பூசு என்றேன். அவனுக்கு நான் சொன்னால் வேதவாக்கு. வாட்டத்துக்கு நூல் பிடித்துக் கொடுத்தது நான். தண்ணீர் தூம்புக்குப் போகாமல் சாமி அறைக்கு மேலே வந்து தேங்குகிற மாதிரிப் பிடித்துக் கொடுத்தேன். வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து வளர்ந்த எனக்கு இது பெரிய வித்தை இல்லை. கரையான் தின்ற முனைக்குப் பெயிண்ட் அடித்தேன். பிறகு அந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடு, சூடு இறங்காது என்று ஸ்டீபனுக்கு யோசனை சொன்னேன். உத்திரம் தொய்ந்தால் கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. சீலிங்கை என் ஆளை வைத்தே போட்டுக் கொடுத்தேன்.

வேலை முடிந்ததும் மாடியில் சின்னதாக வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்திக் காட்டுவது எங்கள் வழக்கம். கீழே ஒரு சொட்டு இறங்கக் கூடாது. ஹாலுக்கு மேலே நிறுத்திக் காட்டினேன். இறங்கவில்லை. ஸ்டீபன் போனில் படம் எடுத்துக்கொண்டான். மற்ற அறைகளுக்கும் நிறுத்திக் காட்டுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நான் காட்டினால் போதும் அவனுக்கு.

அவன் பெண்டாட்டி ஜெபா கெட்டிக்காரி. ஐப்பசி மழை தொடங்கியதும் சீலிங்கில் கறை பார்த்துவிட்டாள். நான் மாடிப்படியில் இருந்தேன், அவள் பேசியது காதில் விழுந்தது.

“பேஜாரா கீதுங்க. புதுவாயல்ல வேற யாரையாச்சும் இட்டாந்து ஒரு தபா காட்டிடலாங்க.”

“வேற ஆள இட்டாந்தா அவரு மனசு நோவும் ஜெபா. அவுங்க பொறந்து வளந்த ஊடு. அவருக்குத் தெரியாததா?”

வேறு யாராவது ஏறிப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும், சார். நான் முகம் சுளிப்பேன் என்று ஏற்றவில்லை.

புயல் வருகிறது என்று செய்தி வந்த அன்று நானாகவே போனேன். மழைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றேன். ஜெபாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தூறல் போட ஆரம்பித்திருந்தது. “நனையாதீங்க சார்” என்று குடையைக் கொடுத்தாள். அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் சிமெண்டுச் சாக்கைக் கிழித்து எல்லாத் தூம்பையும் அடைத்தேன். நன்றாகத் திணித்தேன். செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

ராத்திரி முழுக்கக் கொட்டியது. காலையில் டிவியில் பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று சொன்னார்கள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிரின்சி லீவு நாளில் பாட்டி கட்டிலில்தான் கிடப்பாள், வீட்டுப்பாடம், செல்போன் எல்லாம் அங்கேதான். அது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி குணசுந்தரிகூடச் சொன்னாள்.

“மழ இன்னா இப்டி ஊத்துது. ஸ்டீபன் ஊட்டு மாடில தண்ணி நிக்குதா, ஒரு எட்டு பாத்துட்டுத்தான் வாங்களேன். புள்ள இருக்கற ஊடு.”

நேற்றுத்தான் பார்த்தேன் என்று சொன்னேன். இன்னும் ரெண்டு இட்லி வைத்துக்கொண்டேன். அப்போது போயிருந்தாலும் போதும். சாக்கைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை. குழந்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சத்தம் கேட்டது. கடப்பாரையோடு முதலில் ஓடியவன் நான். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும் அல்லவா, அதனால் சீக்கிரம் எடுத்துவிட்டோம். மேரி பிள்ளையின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள். இருவருக்கும் உயிர் இல்லை. தூம்பில் இருந்த சாக்கு இடிபாட்டில் கிடந்தது. அதை எடுத்து மடித்து ஓரமாகப் போட்டேன், காலில் சிக்கப் போகிறது என்று.

ஷிப்டிலிருந்து ஸ்டீபன் ஓடி வந்தான். எல்லோரையும் விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “உங்க ஊட்ட என்னால காப்பாத்த முடியல சார்” என்றான். மகளும் அம்மாவும் பாயில் கிடக்கிறார்கள், என்னிடம் இதைச் சொல்கிறான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. விடு ஸ்டீபன், வீடு போனால் போகிறது என்றேன்.

அதோடு முடிந்திருக்கும். நீங்கள் அருணாச்சலத்தைப் பிடித்ததுதான் வினை. அவன் பெண்டாட்டி சுமலதா கைக்குழந்தையோடு வந்து என் வீட்டு வாசலில் விழுந்து கிடக்கிறாள். “அண்ணா, அவரு எந்தத் தப்பும் பண்ணாத மனுசன் அண்ணா” என்று தொண்டை கட்டும் வரைக்கும் அழுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி கண்ணை மூட முடியவில்லை. நானும் மனுஷன்தானே.

அருணாச்சலம் குணசுந்தரிக்குத் தம்பி முறை, சார். நம்ம ஜனம். அவனை அனுப்பிவிடுங்கள். அநியாயமாக ஒரு குடும்பம் அழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.