ஏழு எட்டில் ஒரு மூடி

தலைமை ஏற்றிருக்கும் தெருச்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை விடாப்பிடியாய்ப் பிடித்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மாரே, வணக்கம்!

எனக்கு எழுத்து ஏறவில்லை. ஆனால் கண்டது எதுவும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. அந்தத் திமிரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

தரைக்கு மேலே துடைக்கிறோம், துலக்குகிறோம். தரைக்குக் கீழே என்றைக்காவது திரும்பிப் பார்த்தோமா?

போன மாதம், பிரசவம் முடிந்து என் மகள் கைக்குழந்தையோடு மாலையில் வீடு வர வேண்டும். காலையிலேயே கழிவறை கொளகொளவென்று பொங்கிவிட்டது. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது! வாசலில் கழிவு உறிஞ்சும் லாரி வந்து நிற்கிறது, தொட்டி மூடியைக் காணோம். அழகுக்கு ஆசைப்பட்டுப் பின்கட்டு முழுக்க டைல்ஸ் ஒட்டிய புண்ணியவான் யார்? நானேதான்!

"மூடி எங்க பெரியவரே?" என்றார் லாரிக்காரர்.

"சமையல்கட்டு வாசல்லேருந்து ஏழு எட்டு வச்சா மூடி."

"ஏழா, எட்டா? ஒண்ணைச் சொல்லுங்க."

"ஏழு எட்டுய்யா! தோண்டின அன்னிக்கே நடந்து எண்ணினவன் நான்."

நடந்து காட்டினேன். உடைத்தார்கள், மண். பக்கத்தில் உடைத்தார்கள், மறுபடியும் மண்.

ஜன்னலில் என் மனைவி சிரித்தாள். "அது முப்பது வருஷத்துக்கு முந்தின எட்டு. இப்ப நீங்க நடக்கறது கோழி நடை. மாப்பிள்ளையை நடக்கச் சொல்லுங்க!"

சிரியுங்கள், சிரியுங்கள், தலைவரே சிரிக்கிறார்!

மருமகன் ஏழு எட்டு வைத்தார். கடப்பாரை 'ணங்' என்றது. மூடி!

திறந்ததும் மருமகன் கால்சட்டையை மடித்துவிட்டார். "துணி அடைச்சிருக்கு மாமா, எறங்கி எடுத்துடறேன்."

லாரிக்காரர் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உள்ள இருக்கறது விஷக்காத்து தம்பி! சாயந்தரம் வர்ற புள்ள அப்பன் மொகத்தைப் பாக்க வேணாமா?"

அவையோரே, என் சிரிப்பு அங்கே நின்றது. குழாய் இறங்கட்டும், மனிதன் இறங்கலாமா? மருமகன் இறங்கலாமா? கூலிக்கு வந்தவர் மட்டும் இறங்கலாமா? கூடாது! எவர் வீட்டுப் பிள்ளையும் இறங்கக் கூடாது!

எண்ணெயை ஊற்றாதீர்கள், துணியைத் தள்ளாதீர்கள். என்னம்மா, டயபரா? அதையும்தான்! பொங்கும்வரை காத்திராமல் மூன்றாண்டுக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிடுங்கள். மூடியை மறைக்காதீர்கள், அது இருக்குமிடத்தை டேப்பால் அளந்து வையுங்கள், தாத்தாவின் காலால் அல்ல!

அன்று மாலை பேரன் வந்தான். வந்த வேகத்தில் என் சட்டையை நனைத்தான். அவனுக்குத் தொட்டியே தேவைப்படவில்லை! அதோ, மூன்றாவது வரிசையில், அப்பன் மடியில் தூங்குகிறான். அந்த மடி அங்கே இருப்பதற்கு லாரிக்காரருக்கு ஒரு கைதட்டல்! மெதுவாக... பிள்ளை விழித்துவிடப் போகிறான்.

காதுகொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!