படத்தப் பாத்து அழறவங்க

...அழுவாங்க தங்கச்சி, படத்தப் பாத்து அழுவாங்க! முப்பது வருசமா இந்தக் கடையில படத்துக்குச் சட்டம் அடிக்கிறேன், பாத்துக்கிட்டுதான் இருக்கேன். போன வாரம் ஒருத்தர்... வெறும் மலையும் ஆறும், அதுக்குப் போயி மூக்கச் சிந்துறாரு. நான் கண்ணாடிக்கு அளவெடுக்கிறதா, அவருக்குத் தண்ணி குடுக்கிறதா? உக்காருங்க, உக்காருங்க. உங்க படம் ரெடிதான், இதோ.

என் வீட்டுக்காரி இன்னும் மோசம். டீவியில நாய்க்குட்டி தொலைஞ்சு போச்சாம், தேம்பித் தேம்பி அழறா. வாசல்ல வந்த நெஜ நாய்க்குட்டிய வெளக்கமாத்தால வெரட்டிட்டுதான் வந்து உக்காந்தா! அவ தம்பி இருக்காரே, வயலின் சத்தம் கேட்டாப் போதும், கண்ணுல குழாயத் தொறந்துடுவாரு. அதுல ஒரு வார்த்தைகூட கிடையாது! யாரு செத்தாங்க மச்சான்னு கேட்டேன். 'உங்களுக்குக் காது இருக்கிற எடத்துல ஆணியா அடிச்சிருக்கு'ன்னாரு. சொல்லிட்டுப் போகட்டும். நமக்குப் படம்னா நீளம், அகலம். முடிஞ்சுது.

உங்க படமும் அப்படித்தான்... என்ன, மணியப் பாக்குறீங்க? இருங்க, சொல்லிடறேன். பென்சில் படம். குட்டிப் பொண்ணு ஒண்ணு கைய நீட்டிக்கிட்டு முதல் அடி வைக்குது. அது நீங்கதான், அம்மா வரைஞ்சது, அம்மா இப்ப இல்லன்னு சொன்னீங்க. நான் எங்க காதுல வாங்கினேன்? கையிலிருந்த சட்டத்துக்குப் படம் ரெண்டு விரக்கடை அதிகம். ஓரத்துல ஏதோ அழுக்காட்டம் இருந்துச்சு. பிளேட வச்சு ஒரே இழுப்பு...

கண்ணாடி போட்டு, தள்ளி நின்னு பாக்குறேன். புள்ள விழப்போகுது தங்கச்சி! முன்னாடி ஒண்ணுமே இல்ல, சாஞ்சுக்கிட்டு வருது. என் கை தானா நீளுது, பிடிக்க. ஒரு படத்த! நானு! அப்புறம்தான் குப்பைக்கூடையக் கவுத்துத் தேடினேன். அழுக்கில்ல, விரலு. நீங்க பிடிக்க வந்த உங்கம்மா விரலு. அந்தப் படத்துல அவங்க அவ்ளோதான் இருந்தாங்க... எனக்குக் கண்ணுல மரத்தூள் விழுந்துடுச்சு. சிரிக்காதீங்க.

இந்தாங்க, அந்தத் துண்டு. ஒட்டித் தரேன், கோடு தெரியாது... கொஞ்சம் தெரியும். நல்லாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன். எந்திரிச்சுட்டீங்களே... தங்கச்சி! படத்த இங்கயே விட்டுட்டு அந்தத் துண்ட மட்டும் எடுத்துட்டுப் போறீங்களே!