நிற்பவர்களுக்கு ஒரு வணக்கம்

(கரிசல்நாடு கலைக் கல்லூரி ஆண்டு விழாவில், 1974ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஆட்சிக்குழு உறுப்பினர் நூல்கடை வேங்கடபதி ஆற்றிய உரை)

கரிசல் காட்டின் நடுவே கல்லூரி கண்ட கர்ம வீரர், விழாத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஆட்சிக்குழுத் தலைவர் ஐயாத்துரை அவர்களே! முன்னிலை வகிக்கும் முதல்வர், நான் மைக்கைப் பிடித்தாலே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும் பேரறிஞர் இன்பராஜ் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் ஆட்சிக்குழுப் பெருமக்களே! பாடம் சொல்லிப் பண்பு வளர்க்கும் பேராசிரியப் பெருந்தகைகளே! திருச்சுழிச் சீமையிலிருந்தும் பந்தல்குடிப் பாதையிலிருந்தும் பஸ்ஸேறி வந்திருக்கும் பெரியோர்களே! பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்து, இங்கேயாவது உட்கார இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! நாளை நாட்டை நடத்தப் போகிற, இப்போதைக்குப் பின்வரிசையில் விசில் நடத்திக்கொண்டிருக்கிற மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு கனிந்த...

இல்லை. வணக்கத்தை இங்கேயே நிறுத்துகிறேன். ஒரு விளி பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் வணக்கம் சொன்னால் அது அரை வணக்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதை எந்த முகத்தோடு சொல்லப் போகிறேன் என்பது இனிமேல் தலைவர் கையில் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நூல்கடை வேங்கடபதி. நூல் என்றதும் படிக்கிற நூல் என்று பயந்துவிடாதீர்கள். தறிக்குப் போகிற நூல்தான். என் கடையில் அளந்து கொடுப்பேன், மேடையில் அளக்காமல் கொடுப்பேன். முதல்வர் அதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், பாருங்கள்!

பெரியோர்களே, இந்தப் பந்தலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நான் பெயர் சொல்லி அழைத்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைக்காதவர்கள் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர் யார்? சோடாப் பெட்டியோடு நிற்பவர் யார்? விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று தூணோடு தூணாக ஒயரைப் பிடித்தபடி நிற்கிறாரே சோலைச்சாமி, அவர் யார்? அந்தத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் தள்ளிக்கொள்ளாமல் டம்ளர் டம்ளராக நீட்டிக்கொண்டிருக்கிறாரே ஓர் அம்மா, அவர் யார்?

கல்லூரி அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. 'ஆசிரியர் அல்லாத ஊழியர்.' கேட்டீர்களா? ஆசிரியர் அல்லாதவர்! என்ன அல்ல என்று சொல்லத் தெரிந்த நமக்கு, என்னவாக இருக்கிறார் என்று சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் கண்டக்டரை 'டிரைவர் அல்லாதவர்' என்று கூப்பிடுவோமா? கல்யாணத்தில் நாதசுரக்காரரை 'ஐயர் அல்லாதவர்' என்போமா? என் வீட்டுக்காரியை நான் 'வேங்கடபதி அல்லாதவர்' என்று அழைத்தால் இன்று இரவு எனக்குச் சோறு கிடைக்குமா? தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் சிரிப்பே தீர்ப்பு!

இல்லாதவர் இருக்கலாம் இந்த நாட்டில். எளியவர் இருக்கலாம். ஏமாந்தவரும் இருக்கலாம். ஆனால் அல்லாதவர் என்று ஓர் இனம் இருக்கலாமா?

இவர்களை நாம் எப்படி வேலைக்கு எடுக்கிறோம் தெரியுமா? அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேதியியல் கூடத்துக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று நேர்காணல் வைத்தோம். ஆட்சிக்குழுவில் ஆளுக்கொருவர் 'நம்ம பையன்' ஒருவனைக் கூட்டிவந்துவிட்டோம். யார் சிபாரிசும் இல்லாமல் வந்தவர் ஒரே ஒருவர். தங்கசாமி என்று பெயர். அவரைக் கண்டுதான் குழுவே கலங்கிப்போனது. 'இது யாரோட ஆளு?' என்று ஒருவர் காதை ஒருவர் கடிக்கிறோம். தலைவரே கேட்டுவிட்டார்: "தம்பி, நீ யாரு ஆளு?" அவர் சொன்னார், "வேலைக்கு வந்த ஆளுங்கய்யா." எங்களுக்குள் ஒத்துப்போகாததால் வேலை அவருக்குக் கிடைத்தது. கல்லூரி செய்த நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் நடந்தது!

தங்கசாமி கூடத்தைக் கண்ணாடியாக வைத்திருந்தார். வாயுக் குழாய்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்டன. பேராசிரியர்கள் நிம்மதியாகப் பாடம் நடத்தினார்கள். சித்திரை வந்தது. என்ன செய்தோம்? நிறுத்தினோம். கோடை விடுமுறையில் கல்லூரிக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள், அதனால் இவர்களுக்கும் வேலை இல்லை, வேலை இல்லாததால் சம்பளம் இல்லை. சித்திரையில் சீட்டுக் கிழிப்பது, ஆனியில் அழைத்துச் சேர்ப்பது. இதற்குத் 'தற்காலிகம்' என்று பெயர். வருஷா வருஷம் தவறாமல் நடக்கிற தற்காலிகம்!

தங்கசாமி பந்தல்குடியில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்துவிட்டார். ஆனியில் ஆள் அனுப்பினோம். அவர் மறுக்கவில்லை, ஐயா. ஒரே ஒரு கேள்விதான் கேட்டு அனுப்பினார். "வாரேன் சார். ஆனா அடுத்த சித்திரைக்கும் வச்சிருப்பீகளா?"

படித்த பெருமக்கள் நிறைந்த ஆட்சிக்குழு. பட்டம் பெற்றவர்கள், பணம் படைத்தவர்கள், என்னைப் போல வாய் படைத்தவர்கள். அந்த ஒரு கேள்விக்கு ஒருவராலும் பதில் எழுத முடியவில்லை. தங்கசாமி இன்றும் பந்தல்குடியில்தான் இருக்கிறார். நம் கூடத்தில் பழகிய கை, இப்போது லாரிக்கு டீசல் குழாய் மாட்டுகிறது. அவருக்குப் பின் வந்தவர் பழகி முடிப்பதற்குள் மறு சித்திரை வந்தது. இப்போது அந்த இடத்தில் சோலைச்சாமி பழகியிருக்கிறார். இதோ, அடுத்த மாதம் சித்திரை!

சம்சாரிகளைக் கேட்கிறேன். வானம் பார்த்த பூமியில் உழுது விதைக்கும் உங்களைக் கேட்கிறேன். சித்திரையில் உழவு இல்லை. அதற்காகக் காளைக்குத் தீவனம் போடாமல் இருப்பீர்களா? சித்திரையில் அவிழ்த்துவிட்டு, புரட்டாசியில் மழை இறங்கியதும் 'வா கண்ணு, ஏரில் நில்லு' என்று கூப்பிட்டால் வருமா?

என்ன அண்ணாச்சி? சத்தமாகச் சொல்லுங்கள். 'கோடையில மாட்டை விக்கிறவனும் இருக்கான்' என்கிறீர்களா? இருக்கிறான், அண்ணாச்சி. விற்றவன் அந்த வருஷம் பருவத்தில் விதைத்தானா? அதைச் சொல்லுங்கள்! தலையை ஆட்டுகிறார். அண்ணாச்சிக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், என் பாதிப் பேச்சை அவரே பேசிவிட்டார்.

மனிதரை மாட்டோடு ஒப்பிட்டுவிட்டான் வேங்கடபதி என்று யாரும் கோபிக்க வேண்டாம். மாட்டுக்குக் கொடுப்பதைக்கூட மனிதருக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் கோபம்!

இப்போது அந்தத் தண்ணீர்ப் பானைக்கு வருகிறேன். அங்கே நிற்பவர் லிங்கம்மாள். மாணவியர் ஓய்வறைக்கு ஆயா. அம்மா, உள்ளே போய்விடாதீர்கள். அங்கேயே நில்லுங்கள்.

இந்தக் கல்லூரியில் பெண்பிள்ளைகள் சேர்ந்த கதையை நீங்கள் அறிவீர்கள். சேராத கதையை நான் அறிவேன். நெசவாளர் தெருவில் சௌடப்பன் வீட்டுக்கு நானே நேரில் போனேன். பெண் கல்வியின் பெருமை பற்றி ஒரு மணி நேரம் முழங்கினேன். அவர்கள் வீட்டுக்குள் கன்னடம், என் வீட்டுக்குள் தெலுங்கு. நான் பேசியதோ மேடைத் தமிழ்! சௌடப்பன் சம்சாரம் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்கய்யா" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் லிங்கம்மாள் அதே வீட்டுக்குப் போனார். அடுப்படியில் உட்கார்ந்து கன்னடத்தில் பேசினார். அடுத்த திங்கட்கிழமை அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் இருந்தாள். "என்னம்மா சொன்னீர்கள்? எந்த மேற்கோள் காட்டினீர்கள்?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலைங்க. பொம்பளைப் பிள்ளைக ஒதுங்க அங்கன தனி இடம் இருக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு, சாவி எங்கிட்ட இருக்குன்னு சொன்னேன்" என்றார்.

தாய்மார்களே, நீங்கள் ஏன் கைதட்டுகிறீர்கள் என்று ஆண்களுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் எனக்கும் புரிகிறது. தட்டுங்கள்!

போன ஐப்பசி அடைமழையில் திருச்சுழி பஸ் பாதி வழியில் திரும்பி வந்தது. ஓடையில் வெள்ளம். அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் நனைந்த தாவணியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். பொழுது சாய்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த லிங்கம்மாள் பார்த்தார். அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினார். ஓய்வறையைத் திறந்தார். தாழ்ப்பாள் போட்டார். கூடவே தங்கினார்.

காலையில் வெள்ளம் வடிந்ததும் தகப்பன்மார்கள் ஓடி வந்தார்கள். இன்றோடு படிப்புக்கு முழுக்கு என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தார்கள். முன்னால் வந்தவர் ராமசுப்பு. இதோ, நாலாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்து துண்டை உதறிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான்! வந்து பார்த்தால் அவர் மகள் வரிசையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏ தாயி, நீ யாரு?" என்று கேட்டார். "நான் இங்கன ஆயாங்க" என்றார் லிங்கம்மாள். ராமசுப்பு நேரே முதல்வர் அறைக்குப் போனார். "ஐயா, ஒங்க காலேசு பெரிய காலேசா சின்னக் காலேசான்னு எனக்குத் தெரியாது. இவுக இருக்கிற வரைக்கும் எம் மக வருவா. இவுக போன மறுநா, பிள்ளைய வீட்டுல நிறுத்திருவேன்." சொன்னீர்களா இல்லையா, ராமசுப்பு? எழுந்து நின்று ஆமாம் என்கிறார்!

கேளுங்கள். ராஜபாளையம் பக்கம் ஒரு மில் விடுதியில் லிங்கம்மாளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சித்திரை ஒன்றாம் தேதியிலிருந்து வேலை. நிறுத்தாத வேலை. நாம் அவருக்கு வைத்திருப்பது என்ன? சித்திரைச் சீட்டு! அவர் போவது தப்பா? வயிறு கோடையில் விடுமுறை எடுத்துக்கொள்ளுமா? போகட்டும் என்று விட்டால் போவது ஓர் ஆயாவா? திருச்சுழி பஸ் வெறும் பஸ்ஸாக வரும். நெசவாளர் தெருக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். அதைத் திறக்க இன்னொரு வேங்கடபதி போதாது!

கட்டடம் பாதியில் நிற்கிறது, கையிருப்பு இல்லை என்று தலைவர் சொல்வார். உண்மை. நானும் அந்தக் குழுவில்தானே இருக்கிறேன். ஆனால் நான் கேட்பது இதுதான். மேல்மாடி ஒரு வருஷம் காத்திருக்கட்டுமே! செங்கல் ராஜபாளையத்துக்குப் போய்விடாது. சிமெண்டை லாரி ஷெட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மனிதர் போய்விடுவார். குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், தோற்றேன். ஊர்க் கூட்டத்தில் சொல்கிறேன், தோற்க மாட்டேன். தலைவர் அவர்களே, உங்கள் மனசு எனக்குத் தெரியும். இந்த மைக்கில் ஒரு சொல் சொல்லுங்கள்!

தலைவர் எழுந்திருக்கிறார். அமைதி, அமைதி! பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை நான் சொல்கிறேன்: "லிங்கம்மாளைச் சித்திரையில நிறுத்துறதில்ல. இது என் வார்த்தை."

பொறுங்கள், கைதட்டலை நிறுத்துங்கள். அந்த அம்மா ஏதோ சொல்கிறார். அவருக்கு வழிவிடுங்கள். என்னம்மா? சத்தமாக... ஊராரே, அவர் சொல்வதைக் கேளுங்கள்: "எனக்கு மட்டும்னா வேண்டாங்கய்யா. சோலைச்சாமி அண்ணனுக்கும் சித்திரை வருதுல்ல?"

ஆகா! அரை மணியாகத் தொண்டை வறளப் பேசினேனே, இந்த ஒரு வரி எனக்கு வரவில்லையே! நான் ஒருவருக்குத்தான் கேட்டேன். அவர் எல்லாருக்கும் கேட்டுவிட்டார். வாசலில் நிற்பவருக்கும் சித்திரை வருகிறது. சோடாப் பெட்டியோடு நிற்பவருக்கும் சித்திரை வருகிறது. தலைவர் அவர்களே, நமக்கும்தானே சித்திரை வருகிறது? நம்மை யார் நிறுத்துகிறார்கள்?

தலைவர் உட்காரவில்லை. முதல்வரைப் பார்க்கிறார். முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தலையை ஆட்டுகிறார்! மைக் தலைவரிடம் போகிறது... நீங்களே உங்கள் காதால் கேட்டீர்கள். "மேல்மாடி பெறகு பார்த்துக்கிடலாம். இனிமே சித்திரையில யாரையும் நிறுத்துறதில்ல." தலைவர் அவர்களே, நீங்கள் இதுவரை கட்டியது கட்டடம், இன்றுதான் கல்லூரி கட்டினீர்கள்!

அம்மா, ராஜபாளையம்? கேட்டீர்களா ஊராரே? "இனி நான் எங்கிட்டுப் போகப் போறேன்" என்கிறார். ராமசுப்பு, துண்டால் முகத்தைத் துடைத்தது போதும். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, உங்கள் மகளுக்குப் பக்கத்தில் அந்த அம்மாவுக்கு இடம் விடுங்கள். சோலைச்சாமி, ஒயரை ஒரு மாணவச் செல்வத்திடம் கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள். விளக்கு அணைந்தால் அணையட்டும், இந்தப் பந்தலில் இப்போது வெளிச்சத்துக்குக் குறைவில்லை. மேடையில் தலைவர் நிற்கிறார், நான் நிற்கிறேன். நீங்கள் உட்காருங்கள்.

இவ்வளவு நேரம் பொறுத்த பெரியோர்களுக்கும், சரியான இடத்தில் கைதட்டிய தாய்மார்களுக்கும், தடுக்காமல் விட்ட முதல்வருக்கும், சொன்ன சொல்லைச் சபையில் வைத்த தலைவருக்கும் என் நன்றி. பாக்கி வைத்த விளியை இப்போது முழு மனசோடு, முழுத் தொண்டையோடு சொல்லி முடிக்கிறேன்.

வாசல் காப்பவர் அவர்களே! தாகம் தீர்ப்பவர் அவர்களே! கூடம் ஆளும் சோலைச்சாமி அவர்களே! சாவி வைத்திருக்கும் லிங்கம்மாள் அவர்களே!

வணக்கம்.